ஒரு வருடமாக வரைகிறேன், முகம் இன்னும் கோணலாகவே வருகிறது

பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 41. மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஷிப்டு வேலை. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் வரைவதில் ஆசை இருந்தும் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சென்ற ஆண்டு மறுபடி தொடங்கியிருக்கிறார். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்தபடியே ஒரு முழுப் படத்தை முடிக்கிறார். 24 பென்சில் கொண்ட பெட்டி வாங்கினார். பிறகு 400 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கணினியில் வரையும் பலகை வாங்கினார். அது உறை பிரிக்காமலே கிடக்கிறது. வட்டம் வட்டமாக வருவதில்லை, முகம் கோணுகிறது, கோடு "முடி முளைத்ததுபோல்" பிசிறுகிறது என்கிறார். 13 வயது மகள் எதையும் பார்க்காமலே விறுவிறுவென்று வரைந்துவிடுகிறாளாம். "அதெல்லாம் பிறவியிலேயே வரணும்க்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது.

பினாங்குத் தீவில் நடக்கும் ஓர் ஓவிய வகுப்பு ஆறு மாதத்துக்கு 2,800 வெள்ளியை மொத்தமாக முன்கூட்டியே கேட்கிறது. கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்று படிவத்தில் அச்சிட்டிருக்கிறது. சேரலாமா? இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து வரைவது தப்பா? தோழி ஒருவர் தன் திருமணப் படத்தைக் கொடுத்து 80 வெள்ளிக்கு வரைந்து தரச் சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா? இல்லை, இந்த வயதில் இனிக் கை வராது என்று விட்டுவிடலாமா? இவை அவர் கேள்விகள். கூடவே மூன்று படங்களையும் அனுப்பியிருக்கிறார்: ஓர் எவர்சில்வர் டம்ளர், மகளின் முகம், ஜார்ஜ்டவுன் கடைவீட்டு வரிசை.

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. மூன்று படங்களையும் உற்றுப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன். அவற்றில் இருக்கும் பிழைகள் பழகத் தொடங்கும் யாருக்கும் வருபவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, காரணம் தெரிந்தால் திருத்தவும் முடியும். உங்கள் கையிலோ கண்ணிலோ குறை இருப்பதாகக் காட்டும் பிழை ஒன்றுகூட அவற்றில் இல்லை.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வருடத்தில் நீங்கள் நிறையப் படங்களை முடித்திருக்கிறீர்கள். பழகியது மிகக் குறைவு. காணொளியில் வருபவர் கோடு போடும் இடத்திலேயே நீங்களும் போட்டால் அந்த ஒரு படம் வரும். அடுத்த வாரம் வேறு படம் எடுக்கும்போது அதே பிழைகள் திரும்ப வரும். ஏனென்றால் எங்கே கோடு போடுவது என்ற முடிவை அவர் எடுத்துவிட்டார், அந்த முடிவை எடுப்பதுதான் கற்க வேண்டிய வேலை. முழுப் படத்தில் அளவு, கோடு, நிழல், தூரம் எல்லாச் சிக்கலும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். எது எங்கே தவறியது என்று புரியாமலே அடுத்த ஞாயிறு வந்துவிடும்.

உங்கள் தொழிலை நினைத்துப் பாருங்கள். சரியான மின்சுற்றுப் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் பலகையில் எந்தப் பாகம் விலகியிருக்கிறது, எந்தப் பற்றவைப்பு பிசகியிருக்கிறது என்று ஒப்பிட்டு, குறியிட்டு, அடுத்ததற்குப் போகிறீர்கள். அது பிறவியிலேயே வந்த வரம் என்று யாரும் சொல்வதில்லை; சில மாதப் பயிற்சியில் கண் பழகிவிட்டது. பொருளையும் தாளையும் அதே பார்வையால் ஒப்பிடுவதுதான் வரைதல். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதில் உண்மை கொஞ்சம் உண்டு: சிலருக்குச் சிறு வயதிலேயே இது வேகமாக வருகிறது. ஆனால் உங்கள் டம்ளரின் வாய் கூர்மையாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று படங்களும் சொல்வது

டம்ளரிலிருந்து தொடங்குகிறேன். வாய் இரண்டு ஓரத்திலும் மீன் வடிவில் கூராக முடிகிறது. அடிப்பாகம் நேர்கோடாக இருக்கிறது. இரண்டும் கண் பார்த்தவை அல்ல, மனம் அறிந்தவை. டம்ளர் மேசையில் ஆடாமல் நிற்கிறது, ஆகவே அடி தட்டை என்று மனம் நேர்கோடு போட வைக்கிறது. உண்மையில் வட்டம் சாய்ந்து தெரியும்போது நீள்வட்டமாகிறது. நீள்வட்டத்துக்கு எந்த இடத்திலும் கூர் கிடையாது, ஓரங்களிலும் அது வளைந்துதான் திரும்பும். இன்னொரு விதி: உங்கள் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே ஒரு வட்டம் இருக்கிறதோ அவ்வளவு அகலமாகத் திறந்து தெரியும். மேசையில் இருக்கும் டம்ளரை நீங்கள் மேலிருந்து பார்ப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாக உருண்டிருக்க வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணுக்கு நேராகத் தூக்குங்கள், நீரின் மேற்பரப்பு வெறும் கோடாகிவிடும். மெல்லக் கீழே இறக்குங்கள், அந்தக் கோடு திறந்துகொண்டே வரும்.

பயிற்சி இப்படி. தாளின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அதன் குறுக்கே மேலிருந்து கீழாக ஆறு நீள்வட்டங்கள், மேலே ஒடுங்கியது, கீழே போகப் போக அகன்றது. ஒவ்வொன்றையும் பென்சில் தாளில் படாமல் காற்றில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதே வேகத்தில் தாளில் இறக்கி இரண்டு சுற்று. நடுக்கோட்டின் இருபக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பக்கம் பெருத்தால் அதை அழிக்காமல் அடுத்ததில் திருத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு தாள் போதும்.

மகளின் முகத்தில் என்ன நடந்தது என்பதைக் கோடுகளே சொல்கின்றன. வலது கண்ணில் தொடங்கியிருக்கிறீர்கள். இமை முடி வரை அருமையாக முடித்துவிட்டு இடது கண்ணுக்குப் போயிருக்கிறீர்கள், பிறகு மூக்கு, வாய். கடைசியில் மிஞ்சிய இடத்தில் தலை. அதனால் நெற்றி குறுகி, உச்சி வெட்டியதுபோல் ஆகிவிட்டது. நேராகப் பார்க்கும் முகத்தில், உச்சந்தலை முதல் மோவாய் வரையுள்ள உயரத்தின் பாதியில் கண்கள் இருக்கும். இதைக் கேட்கும் எவரும் முதலில் நம்புவதில்லை. முகத்தில் நாம் கவனிப்பதெல்லாம் கண்ணுக்குக் கீழே இருப்பதால் மேல் பாதியை மனம் சுருக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று ஒரு பென்சிலால் அளந்து பாருங்கள். தலையின் மொத்த உருவத்தை மெல்லிய கோட்டால் போட்டு, நடுவில் குறுக்குக் கோடு இட்டு, அதன்மேல் இரண்டு கண்ணின் இடத்தையும் ஒரே நேரத்தில் குறித்த பிறகே விவரத்துக்குப் போக வேண்டும். ஒரு கண்ணை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் வருவது மிகக் கடினம்.

அந்த முகம் கோணியதில் உங்கள் பிழை மட்டுமில்லை. கைப்பேசியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு அருகில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒளிந்து, முகம் ஒடுங்கித் தெரியும். படம்தான் வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கேமராவின் ஜூமால் முகத்தை நெருக்கி எடுங்கள். சன்னல் ஒரு பக்கம் இருக்கட்டும், மேலே குழல்விளக்கு வேண்டாம். ஒரு பக்கத்து வெளிச்சத்தில்தான் மூக்கும் கன்னமும் நிழலால் உருவம் பெறும்.

நிழலை விரலால் தேய்த்திருப்பதும் தெரிகிறது. தோலில் உள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையும் பென்சில் தூளோடு சேர்ந்து தாளில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ரப்பரும் எடுக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது இன்னும் மோசம். இப்போதைக்குத் தேய்க்கவே வேண்டாம். நெருக்கமான சாய்கோடுகளால் மூன்றே நிறம் போடுங்கள்: தாளின் வெள்ளை, நடுச்சாம்பல், கருமை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இந்த மூன்று மட்டும் தனித்து நிற்கும்.

கடைவீட்டு வரிசைக்கு வருவோம். மூன்றில் நீங்கள் அதிகம் உழைத்தது இதில்தான். சன்னலின் ஒவ்வொரு பலகையும் இருக்கிறது. ஆனாலும் வீடுகள் சரிந்து விழுவதுபோல் இருக்கின்றன. கூரை ஓரம் தூரத்துக்குப் போகப் போக இறங்குகிறது, அது சரி. கடைமுன் நடைபாதையான அஞ்சடியின் தரைக்கோட்டையும் அதே திசையில் இறக்கிவிட்டீர்கள், அதுதான் தவறு. கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கோடுகள் தூரத்தில் இறங்கி வரும், கீழே இருப்பவை ஏறி வரும். இரண்டும் கண்மட்டத்தில் ஒரே மறைபுள்ளியில் சேரும். எனவே தெருவை வரையும்போது முதல் கோடு கண்மட்டக் கோடாக இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பென்சிலைக் கிடையாக உங்கள் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். அது எதிர்ச்சுவரை எங்கே வெட்டுகிறதோ அதுதான். நீங்கள் நின்று வரைந்தால், சமதரையில் நிற்கும் உங்கள் உயரமுள்ளவர்களின் கண்கள், அருகிலும் தூரத்திலும், அந்தக் கோட்டிலேயே இருக்கும். கால்கள் மட்டும் மேலும் கீழும் மாறும். முக்காலியில் உட்கார்ந்து வரைந்தால் அதே கோடு அவர்கள் இடுப்பைச் சுற்றி வெட்டும். இது ஒன்று தெரிந்தால் தெருவில் ஆட்களை எங்கே நிறுத்துவது என்ற குழப்பமே தீர்ந்துவிடும்.

பென்சிலால் அளப்பது

பெரும்பாலான காணொளிகள் இதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகின்றன. உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான். கையை முழுவதும் நீட்டுங்கள், முழங்கை மடங்கக் கூடாது. ஒரு கண்ணை மூடுங்கள். பென்சிலைக் கிடையாகப் பிடித்து, அதன் நுனியைப் பொருளின் ஒரு பக்க விளிம்பிலும் கட்டைவிரல் நகத்தை மறுபக்க விளிம்பிலும் பொருத்துங்கள். அந்த நீளத்தை அப்படியே திருப்பி, உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். டம்ளரின் உயரம் அகலத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு என்று கிடைத்தால், தாளில் எந்த அளவில் வரைந்தாலும் அந்த விகிதம் மாறக் கூடாது. அவ்வளவுதான்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். முதல் அளவுக்குக் கை நீண்டிருக்கும், இரண்டாவதில் மெல்ல மடங்கிவிடும், விகிதம் பொய்யாகிவிடும். அடுத்து, பென்சிலைப் பொருளை நோக்கிக் குத்துவதுபோல் சாய்ப்பார்கள். உங்களுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல் இருப்பதாக எண்ணி, பென்சில் அந்தக் கண்ணாடியோடு ஒட்டியே நகர வேண்டும். சாய்வுகளையும் இப்படியே எடுக்கலாம்: பென்சிலைக் கூரை விளிம்போடு சேர்த்துப் பிடித்து, சாய்வு மாறாமல் அப்படியே தாளுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னும் ஒரு வழி உண்டு, நான் மிகவும் நம்பும் வழி. பொருளை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரியும் சுவரின் வடிவம், இடுப்பில் கைவைத்து நிற்பவரின் கைக்கும் உடலுக்கும் இடையில் தெரியும் முக்கோணம். நாற்காலி எப்படி இருக்கும் என்று மனத்துக்குத் தெரியும். அந்த வெற்றிடத்துக்குப் பெயர் இல்லாததால் அங்கே மனம் குறுக்கிடாது, கண்ணே வேலை செய்யும். வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை இப்படி ஐந்து கோணத்தில் வரைந்து பாருங்கள். உங்கள் கோணல் எவ்வளவு குறைகிறது என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

பிசிறும் கோடு

கையெழுத்துக்குப் பென்சில் பிடிப்பதுபோல் நுனிக்கு அருகில் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விரலும் மணிக்கட்டும் மட்டும் அசைந்தால் சில சென்டிமீட்டருக்கு மேல் கோடு போகாது; அங்கே நிறுத்தி, மேலே ஒட்டி, இன்னொன்று போட வேண்டியிருக்கும். அதுதான் முடி முளைத்த கோடு. பென்சிலைச் சற்று மேலே தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை உறையவைத்து, தோளிலிருந்து கையை அசையுங்கள். தாளில் இரண்டு புள்ளி வையுங்கள், சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி. காற்றில் இரண்டு முறை போய்வந்து, பார்வையைச் சேர வேண்டிய புள்ளியில் வைத்து, ஒரே வீச்சில் இழுங்கள். கோடு புள்ளியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, நடுங்காமல் போனால் அன்றைக்கு அதுவே போதும்; குறி பிறகு வரும். இதற்கு மட்டும் பால்பாயின்ட் பேனா நல்லது. அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை தயங்காமல் ஒரு முடிவெடுக்கும்.

மேசையில் தட்டையாகக் கிடக்கும் தாளில் வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குக் குறுகித் தெரியும்; படம் உயரமாக நீண்டுவிடும். மடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் குனிந்து பார்க்கும் வேலையில் இருப்பதால் உங்கள் கழுத்துக்கும் அதுதான் நல்லது.

நேரத்தைப் பிரிப்பது

ஞாயிறு மூன்று மணி நேரத்தைக் கலைத்துவிடுங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். ஆறு நாள் இடைவெளி விட்டால் கண்ணும் கையும் மறந்துவிடுகின்றன. ஒவ்வொரு ஞாயிறும் முதல் அரைமணி பழையதை மீட்பதிலேயே போய்விடும். ஷிப்டு மாறுவதால் கடிகார நேரம் உங்களுக்கு ஒத்துவராது. வேலை முடிந்து குளித்த பிறகு என்று, தினமும் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு வாரத்தில் பத்து நிமிடம் கோடு மட்டும் போட்டாலும் அது கணக்கில் சேரும்.

முதல் மூன்று வாரம் கோடும் நீள்வட்டமும். அடுத்த மூன்று வாரம் பென்சில் அளவும் வெற்றிடமும். சமையலறைப் பொருள்களே போதும், டம்ளர், இடியப்ப உரல், மங்குஸ்தீன், குத்துவிளக்கு. குத்துவிளக்கை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அதில் பல நீள்வட்டங்கள் ஒரே நடுக்கோட்டில் வெவ்வேறு அகலத்தில் அடுக்கியிருக்கும், ஆறாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழாவது வாரம் முதல் பெட்டிகளும் கண்மட்டமும், பத்தாவது வாரத்தில் முகம். ஒவ்வொரு நாளும் தாளின் மூலையில் தேதியும் அன்றைக்குக் கண்ட ஒரே ஒரு பிழையும் எழுதுங்கள். ஐந்து பிழை கண்டாலும் ஒன்றைத்தான் எழுத வேண்டும், மறுநாள் அதை மட்டும் திருத்த வேண்டும். முதல் நாள் வரைந்த அதே டம்ளரை நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரத்தில் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வளர்ச்சி உண்டா என்று யாரையும் கேட்க வேண்டியிராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும், பிடித்ததைப் பிடித்தபடி வரையுங்கள். அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, பிழைப்பட்டியலும் கிடையாது.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 பென்சிலில் நடுத்தரமான எச்பி, சற்றுக் கருப்பான 2பி, மிகக் கருப்பான 6பி மூன்றை மட்டும் வெளியே வையுங்கள். பழகுவதற்குச் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள நகல் தாள் ஒரு கட்டு, 500 தாள், இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். முடித்த படத்துக்கு மட்டும் 150 கிராம் தாள். மெல்லிய தாளில் 6பியை அடுக்கினால் ஒரு கட்டத்துக்குமேல் கருமை ஏறாமல் பளபளக்க ஆரம்பிக்கும். பினாங்கு ஈரக்காற்றில் தாள் நெளியும், பழுப்புப் புள்ளி விழும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு தாள்களைப் படுக்கையாக வையுங்கள். வரையும்போது உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

கணினிப் பலகை தொடர்ந்து உறையிலேயே இருக்கட்டும். திரையில்லாத பலகையில் கை ஓரிடத்திலும் பார்வை வேறிடத்திலும் இருக்கும். பழகத் தொடங்கும்போது அது கூடுதல் சுமை. தவறியதும் ஒரு பொத்தானில் பின்வாங்கும் வசதி, முடிவெடுக்கும் பழக்கத்தையும் தள்ளிப்போடுகிறது. ஆறு மாதம் கழித்து அது நல்ல கருவி.

இணையப் படமும் தோழியின் படமும்

வீட்டில் பழகுவதற்காக இணையப் படத்தைப் பார்த்து வரைவதில் தவறில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தனிப்பட்ட கற்றலுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அதை விற்பது வேறு விஷயம். "எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டால் போதும்", "நிறத்தைக் கொஞ்சம் மாற்றினால் நம்முடையது" என்று பரவலாகச் சொல்கிறார்கள், இரண்டும் சரியல்ல. பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது.

தோழியின் திருமணப் படத்துக்கு ஒரு நுணுக்கம் உண்டு. பணம் கொடுத்து அமர்த்தி எடுக்கவைத்த படைப்பின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அமர்த்தியவருக்குப் போய்ச் சேரும் என்கிறது அச்சட்டத்தின் 26-வது பிரிவு. ஆனால் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதும் படப்பிடிப்பாளர்கள் உண்டு. தோழி அந்தத் தாளை எடுத்து ஒரு முறை பார்க்கட்டும். இதே விதி உங்களுக்கும் பொருந்தும்: நீங்கள் கூலிக்கு வரைந்து கொடுக்கும் படத்தின் உரிமை, வேறு பேச்சு இல்லாவிட்டால், வாங்கியவருடையது.

உரிமை ஒருபுறமிருக்க, இப்போது ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. மணமக்கள் இருவர், நகை, பட்டுச் சேலை, மாலை என்று தொடக்கநிலையில் இருப்பவருக்கு எடுத்தவுடன் மிகக் கடினமான படம் அது. முப்பது மணி நேரம் உழைத்தும் முகச்சாயல் வராவிட்டால், 80 வெள்ளியைவிடப் பெரியது கெடும். தோழிக்கும் சங்கடம், நீங்கள் மறுபடி பென்சிலைத் தொடவும் தயங்குவீர்கள். "ஆறு மாதம் கழித்து வரைந்து தருகிறேன், பணம் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

2,800 வெள்ளி வகுப்பு

நல்ல ஆசிரியர் உங்கள் கண்ணுக்குத் தப்பிய பிழையை அந்த இடத்திலேயே காட்டுவார். அதற்குப் பணம் கொடுப்பது வீணில்லை. ஆனால் ஒரு வகுப்பையும் பார்க்காமல் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரே ஒரு வகுப்புக்குக் காசு கொடுத்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். போனால் இவற்றைக் கவனியுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், எதிரே பொருளை வைத்து வரைகிறார்களா, அச்சிட்ட படத்தைப் பார்த்தா, ஆசிரியர் மாணவரின் தாளில் தானே திருத்தி அழகாக்குகிறாரா, எங்கே பிழை என்று காட்டி மாணவரையே திருத்தவைக்கிறாரா. சுவரில் தொங்கும் மாணவர் படங்களெல்லாம் ஒரே சாயலில் பளிச்சென்று இருந்தால், அங்கே ஆசிரியரின் கைதான் அதிகம் வேலை செய்கிறது. ஷிப்டு காரணமாகத் தவறும் வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணம் திரும்பாது என்று அச்சிட்டுவிட்டதால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று நினைக்க வேண்டாம். தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்ய 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வழிவிடுகிறது. தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். ரசீது, படிவம், புலனச் (வாட்ஸ்அப்) செய்திகள் அனைத்தையும் வைத்திருங்கள். இருந்தாலும் மன்றத்துக்குப் போய் வாங்குவதைவிட மாதாமாதம் கட்டும் வகுப்பைத் தேடுவது எளிது.

என் யோசனை: மூன்று மாதம் மேலே சொன்னபடி தனியாகப் பழகிவிட்டு வகுப்பைப் பற்றி முடிவெடுங்கள். அப்போது "எனக்கு வரையத் தெரியவில்லை" என்று போய் நிற்க மாட்டீர்கள்; "நீள்வட்டம் வருகிறது, முக்கால்வாசி திரும்பிய முகம் வரவில்லை" என்று சொல்லிச் சேர்வீர்கள். அதே பணத்துக்கு அதிகம் கிடைக்கும்.

அதற்கிடையில் துணை வேண்டுமென்றால், இருக்கும் இடத்திலேயே பார்த்து வரைபவர்களின் உலகளாவிய அமைப்பான அர்பன் ஸ்கெட்சர்ஸுக்குப் பினாங்கிலும் குழு உண்டு. 2007-இல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கியது அது. நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் விதி. தேர்ந்தவர்களும் புதியவர்களும் ஒரே தெருவை வரைவார்கள். அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று பார்ப்பதே ஒரு பாடம். கூச்சமாக இருந்தால் பட்டர்வொர்த் படகுத்துறையில் தொடங்குங்கள். காத்திருப்பவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம், தலையின் சாய்வு, முதுகின் வளைவு, காலின் திசை, மூன்றே கோடு.

ஜார்ஜ்டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயிலை வரைய ஆசை என்று எழுதியிருந்தீர்கள். 1833-இல் எழுந்த கோயில். காலை பத்து மணிக்குள் போங்கள், அப்போது முகப்பில் வெயில் சாய்ந்து விழும். உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்பதால் நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும். கோபுரத்தில் சிலைகளைத் தொடவே வேண்டாம். மேலே ஒடுங்கும் மொத்த உருவம், அதற்குள் நிலைகளைப் பிரிக்கும் குறுக்குக் கோடுகள், பிறகு எங்கே நிழல் எங்கே வெளிச்சம். அவை சரியாக வந்தால் சிலை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கிறுக்கல் போதும், பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். கடையின் அஞ்சடியில் உட்காருவதானால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; கோயிலுக்குள் வரைவதானால் நிர்வாகத்திடம்.

கடைசியாக மகளைப் பற்றி. அவள் பார்க்காமலே வரைகிறாள் என்றால் பலமுறை வரைந்து மனப்பாடமான உருவங்களை வரைகிறாள் என்று பொருள். அது நல்ல திறமைதான், உங்களுக்கு இப்போது வேண்டியது வேறு. பலமுறை வரைந்ததால்தான் அது வந்தது என்பதை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் இருவரும் ஒரே நாற்காலியைப் பார்த்து 20 நிமிடம் வரையுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் தாளில் மற்றவர் ஒரே ஒரு பிழையைப் பென்சிலால் வட்டமிடுங்கள். தரப் பரிசோதனையில் பழகிய உங்கள் கண்ணுக்கு அவள் தாளில் கிடைப்பவை அவளுக்கும் உதவும். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அந்த நான்கு டம்ளர் படங்களையும் அனுப்புங்கள். முக்கால்வாசி திரும்பிய முகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.